இடியாப்பத்தை முந்திய முஃபீதா

பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் ஆற்றோரம் இருக்கிற ஊர்களில் முஃபீதா அக்காவைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் இன்னும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதவர்கள் என்று அர்த்தம். காலை ஐந்தரைக்குத் தொழுகை முடித்துவிட்டு மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புவாள். பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ஊசியும் குழாய்களும் வைத்த பை. வயசானவர்கள், நடக்க முடியாதவர்கள், வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் எங்கள் லேபுக்கு வந்துவிடுவாள். வயது முப்பத்தெட்டு. வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார்.

நான் கலைச்செல்வி. அதே லேபில் போன் எடுப்பவள், ரிப்போர்ட் அடிப்பவள், பசி தாங்காதவள். எங்கள் முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி என்னை மூன்றாவது காரணத்துக்காகத்தான் அதிகம் திட்டுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பெரிய அறிவாளி. எங்கள் வீட்டில் காலையில் டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி மறுபடியும் டிபன். அப்பா சர்க்கார் ஆபீசில் இருந்தவர். உலகம் பூராவும் இப்படித்தான் சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் கூப்பிடுகிறவர்களிடம், “பிரேக்ஃபாஸ்ட் சாப்பிடாம வாங்க” என்று ஒப்பிப்பேன். எதிர்முனையில், “அப்படீன்னா என்னம்மா?” என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். இதுகூடத் தெரியாதா என்று போனை வைத்த பிறகு முனகுவேன்.

ஒருநாள் அக்கா அதைக் கேட்டுவிட்டாள். “கலை, அவங்களுக்குப் புரியலன்னா நீ கேக்கத் தெரியாமக் கேட்டேன்னு அர்த்தம். அவங்களுக்குச் சாப்பிடத் தெரியலன்னு அர்த்தம் இல்ல” என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. உடனே அவள் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எப்போது எதை வாயில் போடுவார், அதை அவர் வீட்டில் என்ன சொல்லுவார்கள் என்று அவரவர் வாய்ச்சொல்லிலேயே எழுதி வைத்திருந்தாள். மேலப்பாளையத்து வீடுகளில் காலையில் சாப்பிடுவது கிடையாது, பசியாறுவதுதான். பாளையங்கோட்டையில் பழைய குடும்பங்கள் சிலவற்றில் நாலு இட்லியும் சட்னியும் உள்ளே போனாலும், “காப்பி குடிச்சாச்சு” என்றுதான் சொல்லுகிறார்கள். ஆழ்வார்திருநகரி கோயில் தெருவில் ஒரு மாமா காலை பத்து மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார், சாயங்காலம் பலகாரம். வயல் வேலைக்காரர்களுக்குக் காலையிலும் கஞ்சி, மதியமும் கஞ்சி. அடுப்பு மூட்டிச் சூடாகச் சமைப்பது பொழுது சாய்ந்த பிறகுதான், அதுதான் அவர்களுக்குச் சோறு. புன்னக்காயலிலிருந்து லேபுக்கே வருகிற மீனவர் ஒருவர் மற்றவர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் மீன்குழம்பு ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் படகில் ஏறுகிறார். அதற்கு அவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

நான் வாய் பிளந்து வாசித்தேன். கதைப் புத்தகம்கூட அத்தனை வேகமாக வாசித்ததில்லை. “இத்தனையும் எதுக்குக்கா?” என்றேன்.

“வெறும் வயித்து ரத்தம்னா எட்டு மணி நேரம் வயிறு சும்மா இருக்கணும். சாப்பிட்டியளான்னு கேட்டா, எது சாப்பாடுன்னு அவங்கவங்க வீட்டுல முடிவு பண்ணி வச்சிருக்கு. அதுக்குள்ள நான் புகுந்து பாக்கணும்ல?” அதனால் அவள் ஒருபோதும் ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதில்லை. எழுந்ததும் வாயில் என்ன போச்சு, குடித்தது என்ன, கடித்தது என்ன, மென்றது என்ன என்று வரிசையாகக் கேட்பாள். பெரிய பணக்கார வீடானாலும் அதே கேள்விதான். காலையில் ஓட்ஸ் மட்டும் சாப்பிடுகிற ஒரு அம்மாவுக்கு அந்தக் கேள்வி கொஞ்சமும் பிடிக்காது. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

இப்பேர்ப்பட்டவள்தான் போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை சறுக்கினாள்.

அன்றைக்குக் காலை ஒரு பெட்டி குழாய்களோடு வந்தாள். முடி நனைந்திருந்தது. வழியில் மழை, ஒரு பாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் அரை மணி நேரம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே குழாய்களை வரிசையாக அடுக்கினாள். ஒன்பதே காலுக்கு மெஷினில் எண்கள் வர ஆரம்பித்தன. நான் ஒவ்வொன்றாக டைப் அடித்தேன். ஆறாவது பெயர் பலவேசம், வயது நாற்பத்து நாலு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 171.

அந்தப் பெயரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊர்க்காரர். பதினெட்டு வருஷமாக ஊரான் டிராக்டரையும் ஊரான் லாரியையும் ஓட்டியவர். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கேட்டு மனுப் போட்டிருந்தார். நேர்முகம் முடிந்து, லைசென்ஸ் பார்த்து, வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்து, எல்லாவற்றிலும் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது இந்த ஒரு ரிப்போர்ட். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றிருபத்தாறுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். கடைசி நாள் அன்றைக்கு, மாலை ஐந்து மணி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இது போனால் அவருக்கு அடுத்தது கிடையாது.

“அய்யோ பாவம்” என்று சொல்லிவிட்டுப் பிரிண்ட் பொத்தானை அழுத்தப் போனேன்.

“கலை, போடாத!”

அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பலவேசம் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. ‘சாப்பிடவில்லை.’ அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இது அவர் பேச்சு இல்ல. கம்பெனித் தாள்ல இருந்த கேள்விய அப்படியே கேட்டுட்டு, அப்படியே எழுதிருக்கேன். மழ, அவசரம். குடிச்சது என்ன, கடிச்சது என்னன்னு நான் கேக்கவே இல்ல கலை.”

அவள் முகம் வெளுத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே பலவேசத்துக்குப் போன் போட்டோம். எடுத்தது அவர் சம்சாரம் செல்லக்கிளி. வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கி உழுகிற தொளி உழவுக்குப் போகும்போது போன் சேற்றில் விழுந்துவிடும் என்று அவர் இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவளோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஸ்ரீவைகுண்டம் வந்திருக்கிறாள்.

“ஒண்ணுமே சாப்பிடல நர்சம்மா, எம்புள்ள சத்தியமா!” என்றாள் செல்லக்கிளி. “ஆறரைக்கு ஒரு செம்பு நீராகாரம், அதுல ரெண்டு கை சோத்தப் பிழிஞ்சு விட்டேன். ஒரு லோட்டா கருப்பட்டிக் காப்பி. அம்புட்டுதான். நீங்க சொன்னீயன்னு வெறும் வயித்தோடதான் நின்னாக.”

போன் சத்தமாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவள் ரத்தம் எடுத்தது ஏழே காலுக்கு. கருப்பட்டியும் சோறும் உள்ளே போன முக்கால் மணி நேரத்தில் எடுத்தால் யாருக்குத்தான் ஏறியிருக்காது? காலையில் நின்றவாக்கில் குடிக்கிற நீராகாரத்தை அந்த வீட்டில் யாரும் ஒரு வேளை என்று எண்ணுவதே கிடையாது. முகம் கழுவுகிற மாதிரி அது ஒரு வழக்கம்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “முஃபீதா, மெஷினு பொய் சொல்லாது.”

“மெஷினு பொய் சொல்லல அண்ணாச்சி. நான்தான் கேக்க வேண்டியத கேக்காம வந்துட்டேன்” என்றாள் அக்கா. பிறகு விரல் விட்டு எண்ணினாள். “ஆறரையிலருந்து எட்டு மணி நேரம், ரெண்டரை. அதுவரைக்கும் அவர் வாயில ஒண்ணும் போகாம இருந்தா, ரெண்டரைக்கு எடுத்து, நாலு மணிக்கு ரிப்போர்ட் அடிச்சு, அஞ்சு மணிக்குள்ள கங்கைகொண்டான் போயிரலாம். ஒரு வாய் சோறு உள்ள போச்சுன்னா எல்லாம் போச்சு.”

மணி ஒன்பது இருபத்தைந்து. ஒரு மனிதனை அவனுடைய அடுத்த வேளைக்கு முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும். 

“செல்லக்கிளி, இன்னைக்கு யாரு வயலு?” என்று அக்கா கேட்டாள்.

“நூகு மொதலாளி வயலு. ஆத்துக்கு அக்கரையில.”

அக்காவின் கண் பளிச்சென்றது. நூகு மொதலாளி, அக்காவுக்கு அண்ணன் முறையில் நூகு காக்கா, எங்கள் வாடிக்கைக்காரர். முப்பது வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து நிலம் வாங்கி விவசாயம் பார்ப்பவர், சுகர்க்காரர். அவருக்கும் நோட்டில் பக்கம் இருந்தது. “ஒன்பதரைக்குப் பசியாறுவாங்க. அப்புறம் அரை மணி நேரம் பேப்பர் படிப்பாங்க. பத்தேகாலுக்கு மேலதான் வயலுக்குப் போவாங்க. வீட்டுலதான் இருப்பாங்க, அவங்ககிட்டயே சொல்லி விடலாம், நேரம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அவர் மனைவி கமர் நிஷா. அவருக்கு முழங்கால் வலி, வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

“அவுஹ அப்பமே வயலுக்குப் போயிட்டாஹளேம்மா. இன்னைக்கு முதத் தொளியில்லா? வருசா வருசம் முதத் தொளிக்கு, உழுவுறவஹளுக்கு வரப்புலயே பசியாறக் குடுத்து, தானும் கூட இருந்து பசியாறுவாஹ. இடியாப்பமும் கறியாணமும் கட்டிக் குடுத்தேன். போனு இந்தா, இங்கனதான் கெடக்கு. போன வருசம் ஒண்ணு தொளியில போனதுல இருந்து கொண்டு போறதில்ல.”

இடியாப்பமும் கறிக்குழம்பும் வயலுக்கே போய்விட்டன, நோட்டுக் கணக்கு தவிடுபொடி. அக்கா போனை என் கையில் திணித்து, “ஏறு” என்றாள். எதற்கு நான் என்று கேட்கக்கூட நேரமில்லை. அண்ணாச்சி பின்னாலிருந்து, “யம்மா, போனு யாரு எடுப்பா?” என்று கத்தினார். நாங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

அக்கா அன்றைக்கு ஓட்டிய வேகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். திருச்செந்தூர் ரோட்டில் பஸ்காரர்களே எங்களுக்கு வழி விட்டார்கள். எதிரே ஒரு ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது, கடைசி நொடியில் நுழைந்துவிடலாம் என்று நான் தூண்டினேன், அவள் நிறுத்திவிட்டாள். ரயில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. “இந்நேரம் அவிச்ச இடியாப்பத்த இலையில வச்சிருப்பாங்க” என்றாள். அந்த இடத்திலும் எனக்கு வயிறு கடாமுடா என்றது. காலையில் டிபனை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பத்தரைக்கு ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறி, வாய்க்கால் கரை மண்பாதையில் இறங்கினோம். தூரத்தில் பாதி உழுத வயல், நடுவில் டிராக்டர். ஆனால் சத்தமே இல்லை. டிராக்டர் நின்றுவிட்டது என்றால் டிரைவர் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். இறங்கிவிட்டார் என்றால் கை கழுவிவிட்டார்.

ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு அக்கா வரப்பில் ஓடினாள். புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு செருப்பு சேற்றில் போனது, மற்றதை அவளே உதறினாள். நானும் பின்னால் ஓடினேன். தூரத்தில் ஒரு புங்க மரத்தடியில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் சாப்பாடு வந்த அடுக்குச் சட்டி.

“பலவேசம் அண்ணாச்சீ! கைய எடுங்க! வாயில வைக்காதீங்க!”

ஆணத்தில் தோய்த்த இடியாப்பம் பலவேசத்தின் கையில், வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றது. அவர் விஷத்தைத் தொட்டவர் மாதிரி அதை அப்படியே வாய்க்காலில் வீசிவிட்டு எழுந்து நின்றார். நூகு காக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னம்மா இது? என் வீட்டு ஆணத்துல அப்படி என்ன குத்தத்தக் கண்டுட்ட?”

“ஒரு வாய் போயிருச்சா? சொல்லுங்க, போயிருச்சா?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

“இல்ல நர்சம்மா. மொதலாளி பிஸ்மி சொல்லி இப்பதான் ஆரம்பிச்சாக” என்றார் பலவேசம்.

அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். 171 என்றதும் பலவேசம் முகத்தில் ரத்தமே இல்லை. “எனக்கா சுகரு? அப்ப வேல?” என்று கேட்டார். பெரிய குரல்காரர், அந்தக் கேள்வி வெளியே வந்தது காற்றாகத்தான்.

“வேல இன்னும் போகல. தப்பு என் மேல. நீங்க நீராகாரம் குடிச்சீயளான்னு நான் கேக்கல. ரெண்டரை வரைக்கும் பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் குடிக்கப்பிடாது. நான் இங்கனதான் உக்காந்திருப்பேன். ரெண்டரைக்கு எடுத்துட்டுப் போறேன்.”

நூகு காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வாப்பா காலத்துல இருந்து முதத் தொளி அன்னைக்கு எங்க வயல்ல உழுதவன் பசியோட ஏர் பிடிச்சதில்ல. இவன் பசியோட இருக்கையில நான் மட்டும் எப்படிப் பசியாற? நானும் ரெண்டரைக்கே பசியாறிக்கிடுதேன்.”

“காக்கா, காலையில மாத்திரை போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“அப்ப நீங்க இப்பவே சாப்பிட்டாகணும். இல்லன்னா சர்க்கரை எறங்கிரும், ரெண்டரைக்கு உங்களத் தூக்கிட்டுப் போக வேற வண்டி வேணும்.”

காக்கா அக்காவை முறைத்தார், பலவேசத்தைப் பார்த்தார், இடியாப்பத்தைப் பார்த்தார். கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, திருடித் தின்கிற பிள்ளை மாதிரி அவசர அவசரமாகப் பசியாறினார். பலவேசம் முதல் தடவையாகச் சிரித்தார். “பைய சாப்பிடுங்க மொதலாளி, விக்கிக்கிடும்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்று தெரிந்தால் நம் ஊர்க்காரர்கள் விடுவார்களா? பலவேசம் மறுபடி டிராக்டரில் ஏறி உழுதார். பதினோரு மணிக்கு அடுத்த வயலில் நாற்றுப் பறித்த பெண்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். “பலவேசண்ணே, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க!” அக்கா வரப்பிலிருந்து எழுந்து, “குடுக்காதீங்க!” என்றாள். பன்னிரண்டுக்குச் சைக்கிள் டீக்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார், பருப்பு வடை வாசனை முன்னால் வந்தது. அக்கா அவரை வாய்க்கால் பாலத்திலேயே மறித்தாள். ஒரு மணிக்குக் கோயில் தெருவைச் சேர்ந்த பக்கத்து வயல்காரர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். “கோயில் பிரசாதம்வே, இதுக்கு என்ன பத்தியம்?” என்றார். பலவேசம் கும்பிட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா டிராக்டர் ஒரு சுற்று வரும்வரைக்கும் அந்தப் பையிலேயே கண் வைத்திருந்தாள்.

நாற்றுப் பறித்த பெண்களில் ஒருத்தி கோபமாகவே கேட்டாள். “எங்க கஞ்சி என்ன சாப்பாடா, அதக் குடிச்சா என்ன ஆயிரப்போவுது?”

“உங்க கஞ்சி சாப்பாடுதான் தாயி. அதத்தான் நான் காலையில மறந்துட்டேன்” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே ஒரு கும்பா கஞ்சியும் சுட்ட மிளகாய் வத்தலும் கொண்டுவந்து எனக்கும் அக்காவுக்கும் கொடுத்தாள். அக்கா பலவேசத்தின் கண்ணில் படாமல் டிராக்டர் மறுகோடிக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் குடித்தாள். நான் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. அந்த வெயிலில் அந்தக் கஞ்சி தேவாமிர்தமாக இறங்கியது.

இரண்டரை ஆனது. பலவேசம் டிராக்டர் படியில் உட்கார்ந்து, சேறு படிந்த கையைக் கழுவி நீட்டினார். நரம்பு கயிறு மாதிரி இருந்தது, முதல் குத்தலிலேயே ரத்தம் வந்தது. குழாயை ஐஸ் பெட்டியில் வைத்ததும் கிளம்பிவிட்டோம். நூகு காக்கா தன் பைக்கில் பலவேசத்தை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். மிச்ச இடியாப்பம் இருந்த அடுக்குச் சட்டியும் பைக்கில் தொங்கியது. “லேபு வாசல்ல நின்னு எண்ணு வர்ற வரைக்கும் நீ திங்காத. வந்த பெறவு நான் விடமாட்டேன்” என்று அவரை மிரட்டியிருந்தார்.

மூன்று முப்பத்தெட்டுக்கு லேப். காலையில் மெஷின் பொய் சொல்லாது என்ற அண்ணாச்சி சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு மெஷினைத் தயாராக வைத்திருந்தார். அவரே குழாயை வாங்கிச் சுழலவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நின்றோம். கண்ணாடிக்கு வெளியே பலவேசம் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு என் சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட இப்படி இதயம் அடித்ததில்லை.

112.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி என் தலையில் ஒரு குட்டு வைத்தார், சிரித்துக்கொண்டேதான். அக்கா மட்டும் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரெஜிஸ்டரை எடுத்து, காலையில் எடுத்த ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்தது அல்ல, கேட்காதது என் தவறு, மறுபடி எடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டார்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு, அடுக்குச் சட்டியைத் திறக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினோம். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அக்காவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன், அண்ணாச்சியும் தடுக்கவில்லை. கங்கைகொண்டான் நாலுவழிச் சாலையில் பைக்கும் ஸ்கூட்டரும் ஒன்றையொன்று துரத்தின. நாலு ஐம்பதுக்குத் தொழிற்சாலை வாசல். பலவேசம் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நாங்கள் வெளியே நின்றோம். ஐந்தடித்து இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. நூகு காக்கா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி ஏழு நிமிஷத்துக்குப் பலவேசம் வெளியே வந்தார். கையில் வேறு ஒரு தாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல் தாளை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். நூகு காக்கா, “அல்ஹம்துலில்லாஹ்! ஏலே, ஜெயிச்சிட்டலே!” என்று அவரை அப்படியே கட்டிக்கொண்டார். நான் குதித்த குதியில் காவலாளி விசிலை ஊதிவிட்டார்.

ரோட்டோரம் ஒரு வேப்ப மர நிழலில் காக்கா அடுக்குச் சட்டியைத் திறந்தார். இடியாப்பம் காய்ந்து நூலாகியிருந்தது. பலவேசம் கை வைக்கப் போனார். அப்போதுதான் அக்கா சொன்னாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், பயப்படாதீங்க. நூத்திப் பன்னெண்டு வேலைக்குப் போதும். உடம்புக்குப் போதாது. நூறுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு சுகர் இன்னும் வரல, ஆனா வாசல்ல வந்து நிக்கி. உள்ள விட்டீயன்னா, வருசா வருசம் இங்க பரிசோதனை இருக்கு, அதுல மாட்டிக்கிடும். நாளையிலருந்து எத எப்ப சாப்பிடணும்னு நான் வீட்டுக்கு வந்து செல்லக்கிளிகிட்ட சொல்லுதேன்.”

பலவேசம் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பத்து நிமிஷம் அந்த மனிதன் சந்தோஷமாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப இன்னைக்கு இதத் திங்கலாமா?”

“இன்னைக்குத் திங்கணும். இல்லன்னா காக்கா என்னைய விடமாட்டாங்க.”

அவர் ஒரு வாய் அள்ளி வைத்தார். மென்றுகொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. “காலையில நீங்க ஓடி வராம இருந்திருந்தா, இதத் திங்கும்போது என் வேலையையும் சேத்துத் தின்னிருப்பேன் நர்சம்மா. அதுகூடத் தெரியாம, ருசியா இருக்குன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.